இலவசமாகக் கிடைக்கும் புள்ளியியல் மென்பொருளை எந்த அளவுக்கு நம்பலாம்?

சேலத்தில் எம்.டி. ஆய்வேடு எழுதும் மருத்துவர், ஏத்தாப்பூரில் மரவள்ளி ரகங்களை ஒப்பிடும் வேளாண் மாணவி, ஏற்காட்டுத் தோட்டத்தில் காபிக்கு உர அளவை மாற்றிப் பார்ப்பவர் என்று யாரை எடுத்தாலும் கைடிடமிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: “ஆர்ல போட்டீங்களா? அது ஃப்ரீயா கெடைக்கறதாச்சே, ரிசல்ட்ட நம்பலாமா?” ஆர் (R) என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பணம் கட்டி வாங்கிய எஸ்.பி.எஸ்.எஸ்., எஸ்.ஏ.எஸ். போன்றவற்றைப் பார்த்தும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கே பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

குச்சிக்கிழங்கை சேகோ ஆலைக்கு ஏற்றிப் போகும் விவசாயிக்கு இது புரிந்த விஷயம். கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் பாயின்ட்டை வைத்துத்தான். பாயின்ட் பார்க்கும் தராசு எந்தக் கம்பெனி, என்ன விலைக்கு வாங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. எடை தெரிந்த கல்லை வைத்துக் காட்டினால் நம்புவார். மென்பொருளுக்கும் அதே சோதனைதான்: விடை ஏற்கெனவே தெரிந்த கணக்கைக் கொடுத்துப் பார்ப்பது. அதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

முதலாவது, உத்தரவாதம். ஆர் மென்பொருளைத் திறந்ததும், இதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்ற வரி வந்து நிற்கும். பார்த்தவுடன் பலருக்குப் பயம் வந்துவிடுகிறது. விலைகொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிம ஒப்பந்தத்தைப் பொறுமையாகப் படித்தால் அங்கும் பெரும்பாலும் இதே பொருள்தான் நீளமான வாக்கியங்களில் இருக்கும். தவறான விடையால் உங்கள் ஆய்வு கெட்டால் அதற்கு அவர்கள் பொறுப்பேற்பதில்லை. மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-ல் ஒரு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. புள்ளியியல் பகுப்பாய்வுக்குக் குறிப்பிட்ட ஒரு மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று தாங்கள் கேட்பதில்லை. எதைப் பயன்படுத்தினாலும் அதன் பெயரையும் பதிப்பையும் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. உயிர்காக்கும் மருந்துக்கே அளவுகோல் இதுவென்றால், முதுநிலை ஆய்வேட்டுக்கு இன்ன மென்பொருள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் காரணமில்லை.

இரண்டாவது, விலையோ திறந்த மூலமோ (நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்ற ஏற்பாடு) தானாகப் பிழையைத் தடுத்துவிடாது. காற்று மாசுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்தவர்கள் எஸ்-பிளஸ் என்ற வணிக மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் காம் என்ற கணிப்பு முறை, விடை போதுமான அளவுக்கு நெருங்குவதற்கு முன்பே கணக்கை நிறுத்திவிடும்படி இயல்பமைப்பு வைக்கப்பட்டிருந்தது. 2002-ல் இதைக் கண்டுபிடித்து, நிறுத்தும் அளவைக் கடுமையாக்கி மறுபடி போட்டபோது, நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் இறப்பு 0.41 சதவீதம் கூடும் என்ற மதிப்பீடு 0.27 சதவீதமாகக் குறைந்தது. மாசுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு அப்படியே இருந்தது, அளவுதான் மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. மறுபக்கம், மூளை ஸ்கேன் ஆய்வுகளில் பயன்படும் அஃப்னி என்ற திறந்த மூலத் தொகுப்பில் ஒரு கணக்கீட்டுப் பிழை 15 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது, 2015-ல்தான் திருத்தினார்கள். நிரல் எல்லோருக்கும் திறந்திருந்தது, ஆனால் பிழை கண்ணில் படும் அளவுக்கு அந்தப் பகுதியை யாரும் சரிபார்க்கவில்லை. திறந்த மூலம் தருவது சரிபார்க்கும் வாய்ப்பை மட்டுமே. அந்த வாய்ப்பு சிறியதல்ல. ஆனால் யாராவது அதைப் பயன்படுத்தினால்தான் பலன்.

“ஆர்” என்று ஒற்றைப் பொருள் கிடையாது

ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் தொடங்கிய ஆர் மொழியின் 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29-ல் வந்தது. இன்று நாம் ஆர் என்று சொல்வது மூன்று அடுக்குகள். அடியில் 14 பேஸ் பேக்கேஜ்கள் (கட்டளைகளின் தொகுப்புகள்), மென்பொருளோடே வருபவை. சராசரி, டி சோதனை, ரெக்ரஷன் (ஒரு மாறியை மற்ற மாறிகளிலிருந்து கணிக்கும் முறை) எல்லாம் இங்கே. அதன்மேல் 15 ரெக்கமெண்டட் பேக்கேஜ்கள். உயிர்பிழைப்புப் பகுப்பாய்வுக்கான சர்வைவல், கலப்பு மாதிரிகளுக்கான என்.எல்.எம்.இ. போன்றவை இதில் அடக்கம். இந்த இரண்டு அடுக்குகளையும் எப்படி உருவாக்குகிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று ஆர் ஃபவுண்டேஷனே ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. மருத்துவச் சோதனைகள் நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது அது. கைடு ஆதாரம் கேட்டால் நீட்ட வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது அடுக்கு கிரான் தளத்தில் இருக்கும் 20,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள். கவனம் தேவைப்படுவது இங்கே. கிரானில் இருக்கிறது என்பதாலேயே புள்ளியியல் ரீதியாகச் சரி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கிரானில் ஏற்றும்போது தானியங்கிச் சோதனை நடக்கும்: விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் நிறுவ முடிகிறதா, உதவிப் பக்கத்தில் கொடுத்த எடுத்துக்காட்டுகள் முறிந்துபோகாமல் ஓடுகின்றனவா, ஆவணங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று. சூத்திரம் சரியா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. தவறான சூத்திரத்தைப் பிழையில்லாமல் ஓட்டும் பேக்கேஜும் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆகவே மூன்றாம் அடுக்குப் பேக்கேஜை எடுக்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பராமரிப்பவர் யார், அந்தத் துறையில் எழுதியவரா? நியூஸ் கோப்பில் பழைய பிழைகளைத் திருத்தியதாகக் குறிப்புகள் இருக்கின்றனவா? பிழைத் திருத்தங்கள் நிறைய இருப்பது நல்ல அடையாளம். யாரோ பயன்படுத்துகிறார்கள், யாரோ பதில் சொல்கிறார்கள் என்று பொருள். மூலக் கோப்புகளுக்குள் டெஸ்ட்ஸ் என்ற அடைவு இருக்கிறதா, அதற்குள் வெளியில் பதிப்பிக்கப்பட்ட விடைகளோடு ஒப்பிடும் சோதனைகள் இருக்கின்றனவா? எத்தனை பேக்கேஜ்கள் இதன்மேல் சாய்ந்து நிற்கின்றன? மருந்துத் துறையினர் சேர்ந்து நடத்தும் ஆர் வேலிடேஷன் ஹப் என்ற குழு கிட்டத்தட்ட இதே கேள்விகளை வைத்துத்தான் பேக்கேஜ்களின் ஆபத்தை மதிப்பிடுகிறது. அதற்காக ரிஸ்க்மெட்ரிக் என்ற பேக்கேஜே இருக்கிறது.

விடை தெரிந்த கணக்கு

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்ட், விடை தெரிந்த தரவுத் தொகுப்புகளை இலவசமாகத் தருகிறது. விடைகளைப் பல இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டு, அதையும் கூடவே வெளியிட்டிருக்கிறது. நியூம்அக்-1 என்ற தொகுப்பில் மூன்றே எண்கள்: 10000001, 10000003, 10000002. சராசரி 10000002, திட்டவிலக்கம் 1. மனக்கணக்கிலேயே வருவதை ஏன் கணினிக்குக் கொடுக்க வேண்டும்?

ஏனென்றால் பாடப்புத்தகச் சூத்திரமே கணினியில் சறுக்கும். எண்களின் வர்க்கங்களைக் கூட்டி, அதிலிருந்து கூட்டுத்தொகையின் வர்க்கத்தை எண்ணிக்கையால் வகுத்துக் கழிக்கும் குறுக்குவழி எல்லோரும் தேர்வில் எழுதியதுதான். ஏற்காட்டில் வைத்த ஒரு வானிலைக் கருவி நேரத்தை 1970-லிருந்து நகர்ந்த விநாடிகளாகப் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா எண்களும் 100 கோடிக்கு மேல் இருக்கும். எளிமைக்காக 1000000001, 1000000002, 1000000003 என்ற மூன்றை எடுப்போம். வர்க்கங்களின் கூட்டுத்தொகை 3-க்குப் பின்னால் 18 இலக்கங்கள் கொண்டது. கணினி வழக்கமாக ஓர் எண்ணைச் சேமிக்கும் முறையில் சுமார் 16 இலக்கங்கள்தான் நிற்கும். அந்தப் பெரிய அளவில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி 512. நமக்கு வேண்டிய வித்தியாசமோ வெறும் 2. ஆக, கழித்தால் 0 வரலாம், 512 வரலாம், வர்க்கங்களின் வித்தியாசம் மைனஸில்கூட வரலாம். 2 மட்டும் வராது. முதலில் சராசரியைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்து, பிறகு வர்க்கமாக்கிக் கூட்டினால் மிகச் சரியாக 2 வரும். ஆர் அப்படித்தான் செய்கிறது. எக்செல் 2003-க்கு முந்தைய பதிப்புகள் குறுக்குவழியில் போய்த் தவறின. பிறகு மைக்ரோசாஃப்ட் மாற்றியது.

ரெக்ரஷனுக்கு லாங்லி தொகுப்பு. 1947 முதல் 1962 வரை 16 ஆண்டுகளின் அமெரிக்கப் பொருளாதாரத் தரவு, 6 விளக்க மாறிகள். அவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருப்பதால் கணக்கு சிறிது சறுக்கினாலும் விடை எங்கேயோ போய்விடும். 1967-ல் ஜேம்ஸ் லாங்லி அன்றைய நிரல்களில் இதை ஓட்டிப் பார்த்து, விடைகள் ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். ஆர் மென்பொருளோடே லாங்லி என்ற பெயரில் இந்தத் தரவு வருகிறது. வேலைவாய்ப்பை மற்ற ஆறு மாறிகளின்மீது ரெக்ரஷன் போட்டால் மாறிலி −3482.2586, ஆண்டின் கெழு 1.8292 என்று வர வேண்டும். நிஸ்ட் பக்கத்தில் −3482258.6 என்றும் 1829.15 என்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆரில் வரும் தரவில் அலகுகளை ஆயிரத்தால் வகுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. உங்கள் கணினியில் இதைச் செய்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த வெளியீட்டை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைக்கலாம்.

விடை மாறினால் அது பிழையாகத்தான் இருக்க வேண்டுமா?

ஆர் ஒன்று சொல்கிறது, எஸ்.பி.எஸ்.எஸ். வேறு சொல்கிறது என்று ஓடிவருபவர்களில் பெரும்பாலோருடைய சிக்கல் இங்கேதான். இரண்டு மென்பொருளும் சரியாகவே கணக்கிட்டிருக்கும், ஆனால் வெவ்வேறு கேள்விக்கு.

ஐந்து வண்டிக் கிழங்கின் பாயின்ட் 24, 26, 28, 30, 32 என்று வைப்போம். சராசரி 28. விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகை 40. அதை 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.16; 5-ஆல் வகுத்தால் 2.83. ஆர் முதலாவதைத் தரும். பைத்தான் மொழியில் பாண்டாஸ் என்ற பேக்கேஜ் முதலாவதையும், நம்பை என்ற பேக்கேஜ் இயல்பாக இரண்டாவதையும் தரும். ஒரே மொழி, ஒரே தரவு, இரண்டு விடை. கீழ்க் கால்மானத்தை (வரிசைப்படுத்திய எண்களில் கால் பங்கு எதற்குக் கீழே நிற்குமோ அந்தப் புள்ளி) கேட்டால் ஆர் 26 என்கிறது, எஸ்.பி.எஸ்.எஸ். 25 என்கிறது. கால்மானத்துக்கு ஆர் ஒன்பது முறைகளை வைத்திருக்கிறது; இயல்பாக எடுப்பது 7-வது. 6-வது முறையைக் கேளுங்கள், 25 வந்துவிடும்.

காபிச் சோதனையில் இது இன்னும் கூர்மையாகக் கடிக்கும். அராபிகா செடிகளில் சிலவற்றை வெள்ளைத் தண்டுத் துளைப்பான் கொன்றுவிடுகிறது. தொகுதிகளில் (சோதனைக்காக நிலத்தைப் பிரித்த பகுதிகள்) சமமாக இருந்த செடி எண்ணிக்கை குறைந்து சமநிலை போய்விடுகிறது. அதன்பின் ஆர் மொழியின் அனோவா (மாறுபாட்டுப் பகுப்பாய்வு) கட்டளை, மாறிகளை நீங்கள் எழுதிய வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்கிடும். உரத்தை முதலிலும் தொகுதியைப் பின்னாலும் எழுதினால் உரத்தின் பி மதிப்பு (உண்மையில் வித்தியாசம் இல்லாவிட்டாலும் இப்படி ஒரு விடை வரக்கூடிய வாய்ப்பு) ஒரு விதமாக வரும். வரிசையை மாற்றினால் வேறொன்று. எஸ்.பி.எஸ்.எஸ். இயல்பாக மூன்றாம் வகைக் கணக்கைத் தருவதால் வரிசை அதைப் பாதிப்பதில்லை. இடைவினை (ஒன்றின் விளைவு மற்றொன்றைப் பொறுத்து மாறுவது) இல்லாத எளிய தொகுதிச் சோதனையாக இருந்தால் வழி சுலபம்: தொகுதியை முதலில் எழுதுங்கள், உரத்தைக் கடைசியில் எழுதுங்கள். அப்போது உர வரியில் வரும் விடையும் எஸ்.பி.எஸ்.எஸ். தரும் விடையும் ஒன்றாகிவிடும். உரம், நிழல் என இரண்டு காரணிகளும் அவற்றின் இடைவினையும் இருந்தால் கார் பேக்கேஜின் அனோவா கட்டளையில் மூன்றாம் வகையைக் கேட்கலாம். ஆனால் அதற்கு முன் காரணிகளின் கான்ட்ராஸ்ட்டை (காரணியின் நிலைகளை எண்களாக எழுதும் முறை) கூட்டுத்தொகை பூஜ்யம் வரும் வகைக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டாலும் அது அட்டவணையைத் தரும், எச்சரிக்கை வராது, முதன்மை விளைவுகளின் எண்கள் பொருளற்றவையாக இருக்கும். மாணவர்கள் அதிகம் விழும் பள்ளம் இது என்பது எங்கள் கணிப்பு.

மருத்துவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். உயிர்பிழைப்புப் பகுப்பாய்வில் பயன்படும் காக்ஸ் ரெக்ரஷனில் ஒரே நாளில் பலர் இறந்திருந்தால் ஆர் எஃப்ரான் முறையையும், எஸ்.ஏ.எஸ்., ஸ்டேட்டா இரண்டும் இயல்பாக பிரெஸ்லோ முறையையும் எடுக்கும். ஹசார்டு விகிதம் சற்றே மாறும். இதைவிடப் பெரிது பைத்தானின் சைக்கிட்-லேர்ன். அதன் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் இயல்பாகவே கெழுக்களைப் பூஜ்யத்தை நோக்கி இழுத்துச் சுருக்கும். கணிப்புக்காக எழுதப்பட்ட கருவி என்பதால் அது அவர்களுக்குச் சரி. அதே எண்ணை ஆட்ஸ் விகிதம் என்று ஆய்வேட்டில் போட்டால் விளைவு இருப்பதைவிடச் சிறிதாகத் தெரியும். சுருக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள், அல்லது ஸ்டேட்ஸ்மாடல்ஸ் பேக்கேஜுக்குப் போங்கள்.

மென்பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத தவறுகள் இவை எல்லாவற்றையும்விட அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செத்துப்போன செடியின் விளைச்சலை 0 என்று பதிவது, விடுபட்ட வயதுக்கு 999 போடுவது, எக்செல் எதையோ தேதியாக மாற்றிவிட்டதைக் கவனிக்காமல் விடுவது. எக்செல் இப்படித் தேதியாக மாற்றிய மரபணுப் பெயர்களின் தொல்லை தாங்காமல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020-ல் சில மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டி வந்தது.

உங்கள் வடிவமைப்பை வைத்தே ஒரு சோதனை

நிஸ்ட் தொகுப்புகள் அடிப்படை முறைகளுக்குத்தான். அபூர்வமான பேக்கேஜுக்கு விடைத்தாள் இருக்காது. நீங்களே உருவாக்க வேண்டும். உங்கள் சோதனையில் உள்ள அதே எண்ணிக்கையில், விடுபட்ட இடங்களும் அப்படியே இருக்கும்படி, உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத தரவைத் தற்செயல் எண்களால் உருவாக்குங்கள். அதன்மேல் நீங்கள் பயன்படுத்தப்போகும் சோதனையை ஓட்டுங்கள். இதை 1000 முறை செய்து, பி மதிப்பு 0.05-க்குக் கீழே எத்தனை முறை வந்தது என்று எண்ணுங்கள். 50 வாக்கில் வர வேண்டும். 36-லிருந்து 64 வரை தற்செயலுக்குள் அடங்கும். 120 வந்தால் அந்தச் சோதனை இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்கிறது. 5 வந்தால் இருக்கும் வித்தியாசத்தையும் அது தவறவிட வாய்ப்பு அதிகம். பிழை பேக்கேஜில் இருக்கலாம், சிறிய மாதிரிக்கு அந்த முறை பொருந்தாமலும் இருக்கலாம்; எதுவானாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டியது. அடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் செடிக்கு 200 கிராம் கூட்டிவிட்டு மறுபடி 1000 முறை ஓட்டுங்கள். மதிப்பீடுகளின் சராசரி 200-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். சாதாரண லேப்டாப்பில் இதெல்லாம் பெரும்பாலும் சில நிமிட வேலை.

இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பது எல்லோரும் சொல்லும் யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் இரண்டும் உண்மையிலேயே தனித்தனியாக எழுதப்பட்டவையாக இருக்க வேண்டும். ஜமோவி முழுக்க ஆர் மீது கட்டியது. ஜாஸ்ப் பகுப்பாய்வுகளும் உள்ளே ஆர்தான். வேளாண் மாணவர்கள் பயன்படுத்தும், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கிரேப்ஸ் தளமும் அப்படியே. ஆரில் போட்டு ஜமோவியில் சரிபார்த்தேன் என்றால் ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டதற்குச் சமம். கட்டணமில்லாமல் வேண்டுமானால் பி.எஸ்.பி.பி. தனியாக சி மொழியில் எழுதப்பட்டது, எஸ்.பி.எஸ்.எஸ். கோப்புகளையும் திறக்கும். அதில் சரிபாருங்கள்.

பதிப்பும் கோப்பும்

2019-ல் வந்த ஆர் 3.6.0, தற்செயல் மாதிரி எடுக்கும் சாம்பிள் கட்டளையின் உள்முறையை மாற்றியது. பழைய முறையில் நுட்பமான ஒரு சாய்வு இருந்ததால் செய்த திருத்தம். விளைவு, அதே விதை எண்ணை (தற்செயல் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்) கொடுத்தாலும் 3.5-ல் வந்த வரிசை 3.6-ல் வராது. எந்த நோயாளி எந்தக் குழுவில் என்று கணினியால் பிரித்தவர்கள் பதிப்பைக் குறித்து வைக்கவில்லை என்றால் அந்தப் பட்டியலை மறுபடி உருவாக்கத் தடுமாறுவார்கள். அடுத்த ஆண்டு 4.0.0, எழுத்து நெடுவரிசைகளைத் தானாகக் காரணிகளாக மாற்றும் பழக்கத்தை விட்டது. பழைய நிரல்கள் பல அதனால் உடைந்தன. ஆகவே ஆய்வு நடுவில் இருக்கும்போது மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டாம். ஆர்என்வ் பேக்கேஜ் ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பையும் பூட்டி வைக்கும்.

நிறுவும்போது மூலத் தளத்திலிருந்தே இறக்குங்கள். ஹாஸ்டலில் பென்டிரைவில் சுற்றும் இன்ஸ்டாலரும், உரிமம் உடைத்த எஸ்.பி.எஸ்.எஸ். பிரதியும் யார் கையால் என்ன மாற்றப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாத பொருள்கள். ஆரின் விண்டோஸ் இன்ஸ்டாலருக்குக் கிரான் தளம் செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) தருகிறது. இறக்கிய கோப்பின் எண்ணோடு அதை ஒப்பிட்டால் வழியில் யாரும் கைவைக்கவில்லை என்பது உறுதியாகும். பைத்தான் பேக்கேஜ்களில் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டுங்கள். ஓர் எழுத்து மாறிய போலிப் பேக்கேஜ்களை வேண்டுமென்றே ஏற்றிவைப்பவர்கள் உண்டு.

ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் “பகுப்பாய்வு ஆர் மென்பொருளில் செய்யப்பட்டது” என்று மட்டும் எழுதினால் போதாது. இப்படி எழுதலாம்: “ஆர் 4.3.2, விண்டோஸ் 11. மாறுபாட்டுப் பகுப்பாய்வு கார் பேக்கேஜில், மூன்றாம் வகை, கூட்டுத்தொகை பூஜ்யக் கான்ட்ராஸ்ட். கால்மானம் 6-வது முறை. விதை எண் 2024. லாங்லி தரவில் நிஸ்ட் விடைகளோடு ஒப்பிடப்பட்டது. முதன்மை அட்டவணை பி.எஸ்.பி.பி.யில் சரிபார்க்கப்பட்டது.” இதில் நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும், உங்கள் பதிப்பு எண்களோடு போடுங்கள். செஷன்இன்ஃபோ கட்டளையின் வெளியீட்டை உரைக் கோப்பாகச் சேமித்து, நிரலோடும் மூலத் தரவோடும் ஒரே அடைவில் வையுங்கள். சைட்டேஷன் கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜையும் எப்படி மேற்கோள் காட்ட வேண்டும் என்ற வரி வந்துவிடும். சோதனையில் உண்மையிலேயே பிழை தென்பட்டால், அதை மறுபடி நிகழ்த்திக் காட்டும் மிகச் சிறிய தரவையும் நான்கைந்து வரி நிரலையும் பதிப்பு விவரத்தோடு பராமரிப்பவருக்கு அனுப்புங்கள். அவர் முகவரி ஒவ்வொரு கிரான் பக்கத்திலும் இருக்கும். நோயாளிகளின் பெயர் உள்ள கோப்பை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.